எட்டு நாள், நான்கு நாடு, ஆறு விமானம்

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். கையில் அவர்களே எழுதிக்கொண்டு வந்த ஒரு தாள். எட்டு நாளில் நான்கு நாடு. விரலை வைத்து எண்ணினேன். போக ஒன்று, வர ஒன்று, நடுவில் நாடு விட்டு நாடு தாவ மூன்று. அதில் ஓரிடத்துக்கு நேர் விமானம் இல்லாததால் வழியில் மாறி ஏற இன்னொன்று. ஆக ஆறு விமானம். கூடவே ஒரு வேண்டுகோள்: "ஓட்டல் மட்டும் சுற்றுச்சூழலைக் கெடுக்காததா பாருங்க சார். ரூம்ல பிளாஸ்டிக் பாட்டில் வைக்காத இடமா இருந்தா நல்லது."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குளியலறையில் "டவலைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள்" என்று அட்டை மாட்டிய ஓட்டல்களைப் பல வருடம் நானே பெருமையாகச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பெருமை இறங்கியது.

அதே கணக்கை அவர்கள் முன்னாலும் போட்டுக் காட்டினேன். 180 பேர் உட்காரும் விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் இரண்டரை டன் எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எரிந்ததைவிட வெளியே வருவது எப்படிக் கூடும் என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்வதால்தான் எடை கூடுகிறது. சரி, அவர்கள் தாளில் போக ஐந்து மணி, வர ஐந்து மணி, நடுவில் நான்கு குட்டி விமானம் சேர்த்து ஆறு மணி. மொத்தம் 16 மணி நேரம், 40 டன் எரிபொருள், 126 டன் கார்பன் டை ஆக்சைடு. இருக்கையெல்லாம் நிறைந்திருந்தாலும் ஆளுக்கு 700 கிலோ. உண்மையில் கொஞ்சம் கூடவே இருக்கும், ஏனென்றால் தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறும்போதுதான் விமானம் அதிகமாகக் குடிக்கும். ஒரு முறை ஏறுவதை ஆறு முறையாக்கினால் அந்தச் செலவும் ஆறு மடங்கு. இவ்வளவையும் கொட்டிவிட்டு டவலில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்.

"உலகத்தின் மொத்த கார்பனில் விமானத்தின் பங்கு வெறும் இரண்டரை சதவீதம்தானே?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். எண் சரிதான். ஆனால் அந்த இரண்டரையை யார் உண்டாக்குகிறார்கள்? 2018-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த ஒரு ஆய்வின்படி, அந்த வருடம் விமானம் ஏறியவர்கள் உலக மக்களில் சுமார் 11 சதவீதம்தான். உலக மக்களில் அடிக்கடி பறக்கும் ஒரு சதவீதம் பேர்தான் பயணிகள் விமானக் கார்பனில் பாதிக்குக் காரணம். என் வாடிக்கையாளர்களில் பலர் அந்த வரிசையில் வருகிறவர்கள். நானும்தான்.

கார்பனோடு கதை முடியவில்லை. விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நீளுமே, குழந்தைகள் கைகாட்டும் அதே கோடு, அது பனித்துகள்களால் ஆன மேகம். ஈரமும் குளிரும் கூடிய உயரத்தில் அது கலையாமல் பரவி, பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பியும் அனுப்பும். இரவில் அந்த வேலைகூட இல்லை, சூடேற்றுவது மட்டும்தான். அதனால் இரண்டு நேரமும் கிடைத்தால் நான் பகல் விமானத்தைக் காட்டுகிறேன். இதெல்லாம் ஒரு பயணி வந்து கேட்கும் விஷயமே இல்லை, நாமாகச் சொன்னால்தான் உண்டு.

பிசினஸ் கிளாஸ் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நீண்ட பயணத்தில் படுக்கையாக விரியும் ஒரு இருக்கை, எகானமியில் சுமார் மூன்று பேர் உட்காரும் இடத்தைப் பிடிக்கிறது. கார்பனும் அதே கணக்கில்தான். முதுகுவலிக்காரர், வயதானவர் என்றால் நான் வாயே திறப்பதில்லை.

டிக்கெட் வாங்கும்போது "இன்னும் சிறிது பணம் கட்டினால் மரம் நட்டு ஈடு செய்கிறோம்" என்று ஒரு பெட்டி வருமே, அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. புகை இன்றைக்கே மேலே போய்விடுகிறது. மரம் வளரப் பல பத்தாண்டு ஆகும், நடுவில் தீப்பிடித்தால் அதுவும் போச்சு. நாடுகள் சேர்ந்து 2016-இல் ஒத்துக்கொண்ட கோர்சியா என்ற ஈட்டுத் திட்டமும் இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்கு மட்டும்தான் அது. அதிலும் 2019-இல் வெளியான கார்பன் அளவில் 85 சதவீதத்தைத் தாண்டிய பகுதிக்குத்தான் ஈடு.

பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் மாற்று எரிபொருள் வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய விமானம் முழுக்க மாற்று எரிபொருளிலேயே பறந்து காட்டியது. ஆனால் விமான எரிபொருளில் அதைக் கலக்க ஐரோப்பிய ஒன்றியம் 2025-க்கு வைத்த கட்டாய அளவே 2 சதவீதம்தான், 2030-க்கு 6. அதுவரை நாம் ஏறப்போவது பெரும்பாலும் பழைய எரிபொருளில் ஓடும் விமானத்தில்தான்.

ஆகவே என்னால் முடிந்தது திட்டம் போடும் மேசையில்தான் இருக்கிறது. அந்தத் தம்பதியின் நான்கு நாடுகளில் இரண்டுக்கு நடுவே நல்ல ரயில் ஓடியது. மற்ற இரண்டை இந்த முறை விட்டுவிடச் சொன்னேன். முதல் நாட்டில் இறங்கி, ரயிலில் இரண்டாவது நாட்டுக்குப் போய், அங்கிருந்தே திரும்பும்படி டிக்கெட் போட்டேன். இறங்கிய ஊரிலிருந்துதான் திரும்ப ஏற வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. ஆறு விமானம் இரண்டானது. ஆளுக்கு 700 கிலோ 440 ஆனது. கூகுள் ஃபிளைட்ஸில் ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கத்திலேயே கார்பன் அளவு காட்டுகிறார்கள். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு விமானங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று அதில் பார்த்த பிறகு அந்தக் கணவர் தானே விமானம் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு நான்கு விமானத்துக்கான கமிஷன் போயிற்று, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரயிலுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்வதில்லை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானங்களில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறவை சுமார் 6 சதவீதம்தான், கார்பனில் பாதி அவற்றுடையது. தூரத்துப் பயணம் வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போங்கள், போனால் மூன்று வாரம் இருங்கள் என்கிறேன். லீவு கிடைக்காது என்பார்கள். அது நியாயமான பதில்தான், அங்கே என் கை கட்டிக் கிடக்கிறது.

தங்கும் நாள் கூடினால் போகிற ஊருக்கும் நல்லது. காலையில் இறங்கி, படம் பிடித்து, மாலையில் கிளம்பும் கூட்டம் குப்பையை விட்டுப் போகிறது, காசை விடுவதில்லை. அதனால்தான் வெனிஸ் 2024-இல் கூட்டம் அதிகமான நாட்களில் ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் மட்டும் 5 யூரோ வாங்க ஆரம்பித்தது. தாய்லாந்தின் மாயா பே கடற்கரையை 2018-இல் மூடினார்கள், பவளப்பாறை அவ்வளவு நாசமாகியிருந்தது. 2022-இல் திறந்தபோது படகுகளை உள்ளே விடவில்லை, ஆட்களுக்கும் கணக்கு வைத்தார்கள். மூடிக் கிடந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன.

அந்தத் தம்பதி ஊர் திரும்பியதும் போன் செய்தார்கள். ரயில் ஜன்னலோரம்தான் பயணத்திலேயே பிடித்த இடம் என்றார் கணவர். அந்த அம்மா போனை வாங்கி, "எல்லாம் சரி சார், ரூம்ல பிளாஸ்டிக் பாட்டில் வச்சிருந்தாங்களே" என்றார். அடுத்த முறை அதையும் பார்த்துவிடுகிறேன் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.