நீரோடி மணலில் பிளாஸ்டிக் குருணை: பள்ளி மாணவர்கள் எப்படி எண்ணலாம்

கடல் மாசு என்று பெயர் வைத்து வரும் மாணவர் திட்டங்கள் பலவற்றில் கடலையே காணோம். இணையத்தில் எடுத்த ஓர் ஆமைப் படம், உலகம் முழுக்க இத்தனை டன் என்று ஒரு வரி, கீழே பெரிய எழுத்தில் ஒரு முழக்கம். அவ்வளவுதான். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை ஊர்களான நீரோடியிலும் வள்ளவிளையிலும் தூத்தூரிலும் வீட்டு வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது வீண். இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற திட்டம் வேறு: ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு பொருளை, மாதாமாதம் ஒரே முறையில் எண்ணுவது.

பிளாஸ்டிக் குருணை அதற்கு நல்ல பொருள். 2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. ஆட்கள் 24 பேரும் உயிர் தப்பினார்கள். கப்பலில் இருந்த 640 கன்டெய்னர்களில் சில உடைந்து, அவற்றிலிருந்த வெள்ளைக் குருணை முதலில் திருவனந்தபுரம் கரையிலும் பிறகு எல்லை தாண்டிக் குமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. செய்திகளில் இதை நர்டில் என்று எழுதினார்கள். வாளி, நாற்காலி, கவர் எல்லாம் செய்வதற்கான மூலப்பொருள் இது. ஒவ்வொன்றும் 2 முதல் 5 மில்லிமீட்டர். பருப்பு மாதிரித் தட்டையாகவோ சிறு உருளையாகவோ இருக்கும். ஒரு குருணை சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்தால், 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் கடலுக்குள் போவது பன்னிரண்டரை லட்சம்.

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் குருணைகளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.90 முதல் 0.97 கிராம் வரை. கடல்நீருக்கு 1.025. அதனால் இது மிதந்து கரைக்கு வரும், அடுத்த பெரிய அலையில் திரும்பப் போகும், வேறொரு கரையில் மறுபடி ஏறும். வெயிலில் கிடக்கக் கிடக்க மஞ்சளாகும். நீரில் கரையாத எண்ணெய்த் தன்மையுள்ள நஞ்சுகள், உதாரணமாக டிடிடி, பிசிபி போன்றவை, மெல்ல இதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே எண்ணும்போது வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு கட்டங்கள் போட்டுப் பிரித்து எழுதுங்கள். எல்லாமே 2025-இன் கப்பலில் இருந்து வந்தவை என்று யாராவது சொன்னால், பழுத்து மஞ்சளேறிய குருணைகளைக் காட்டி இல்லை என்று சொல்ல அது உதவும். இந்தக் கப்பலுக்கு முன்பும் குருணை கடலில் இருந்தது.

முதல் வேலை 100 மீட்டர் கரையைத் தேர்ந்தெடுப்பது. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி எடுக்க வேண்டாம். ஆற்றுக் குப்பையும் கடல் குப்பையும் கலந்துவிடும். தூண்டில் வளைவின் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்) முடுக்கிலும் வேண்டாம். கல் போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். சேருகிற பக்கத்தில் குப்பையும் குவியும். அங்கே எடுத்த எண், வளைவு எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். குருசடி (சிலுவை நட்ட சிற்றாலயம்), மின்கம்பம் என்று நகராத அடையாளம் ஒன்றைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். ‘பெரிய வள்ளம் நிற்கிற இடம்’ என்று குறித்து வைத்தால் அடுத்த மாதம் வள்ளம் அங்கே இருக்காது.

இந்தக் கரையில் கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைப் பெரும்பாலும் அலைதான் தீர்மானிக்கிறது. அதனால் மணலில் இரண்டு மூன்று குப்பைக் கோடுகள் தெரியும். கீழே ஈரமாக இருப்பது நேற்றையது; மேலே காய்ந்து கிடப்பது போன வாரத்துக் கொந்தளிப்பில் ஏறியது. குருணை பெரும்பாலும் மேல் கோட்டில்தான் கிடக்கும். இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். ஒரு மாதம் கீழ்க்கோடு, மறுமாதம் மேல்கோடு என்று மாற்றி எடுத்த அட்டவணையை என்ன செய்தும் காப்பாற்ற முடியாது.

மணலில் வைத்து அதற்குள் எண்ணுவதற்குச் சதுரச் சட்டம் (பிரேம்) ஒன்று வேண்டும். மர ரீப்பரில், உள்ளளவு 50-க்கு 50 செ.மீ. இருக்கும்படி ஆணி அடித்தால் போதும். ஆசாரியிடம் போகவே தேவையில்லை. பழைய பிவிசி பைப்பில் செய்தால் அதிலிருந்தே செதில் உதிரும். 0 முதல் 99 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, ஒரு கோட்டுக்கு ஐந்து சீட்டு எடுங்கள்; 37 வந்தால் 37-வது மீட்டரில் சட்டத்தை வைக்க வேண்டும். அங்கே குப்பையே இல்லை என்றாலும் அங்கேதான்.

இந்த இடத்தில்தான் திட்டங்கள் கெடுகின்றன. பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. நல்லதாக ஏதாவது கிடைக்கட்டும் என்று சட்டத்தை இரண்டடி தள்ளி வைப்பார்கள். ஆசிரியரும் ‘அங்கே ஒன்றும் இல்லையே, இங்கே எடு’ என்பார். ஐந்து சட்டத்திலும் இப்படி நடந்தால் கிடைப்பது கரையின் கணக்கு இல்லை, குப்பை மேட்டின் கணக்கு. சுழியம் வந்தால் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், எண்ணினார்களா, விட்டுவிட்டார்களா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

சட்டத்துக்குள் மேல் 2 செ.மீ. மணலை இரும்புக் கரண்டியால் வழித்தெடுங்கள். இது சரியாக 5 லிட்டர் வரும். எடையால் அளக்கவே கூடாது. இந்தக் கரைக்கென்றே அதற்கு ஒரு காரணம் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் கலந்த கருமணல். சாதாரண வெள்ளை மணலைவிட அது நன்றாகக் கனக்கும். கிலோவுக்கு இத்தனை குருணை என்று போட்டால், இரண்டு கரையிலும் ஒரே அளவு குப்பை இருந்தாலும் கருமணல் கரை சுத்தமானது போலத் தெரியும். சதுர மீட்டருக்கு இத்தனை என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

மணல் காய்ந்திருந்தால் 5 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடை மேலே, 1 மில்லிமீட்டர் சல்லடை கீழே. ஈர மணல் சல்லடையில் இறங்காது. பிள்ளைகள் கையால் தேய்ப்பார்கள், தெர்மோகோல் எல்லாம் உடைந்து எண்ணிக்கை கூடிவிடும். ஈரமானால் மீன் விற்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி அலுமினியச் சருவம் ஒன்றில் மணலைப் போட்டு, துணியில் வடித்த கடல்நீரை இரண்டு மடங்கு ஊற்றி, அரை நிமிடம் அடிவரைக் கிளறி, இரண்டு நிமிடம் விட்டு, மேலே மிதப்பதை டீ வடிகட்டியால் எடுங்கள். மூன்று தடவை செய்ய வேண்டும். முதல் தடவையில் மணலோடு ஒட்டி அடியில் கிடப்பது இரண்டாவதில் வரும். கடைசித் தடவையிலும் குருணை வந்தால் நான்காவது தடவையும் உண்டு.

குருணைக்குக் கடல்நீரே போதும், உப்புக் கரைசல் வேண்டாம். பாலிஸ்டைரீன், நைலான் துணுக்குகளையும் சேர்த்துப் பிடிக்க நினைத்தால்தான் லிட்டருக்கு 360 கிராம் உப்பு கரைத்து அடர்த்தியை 1.2 வரை ஏற்ற வேண்டும். கல்லுப்பில் அழுக்கு இருக்கும். கரைத்ததும் துணியில் வடியுங்கள். அப்போதும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் மிதக்காது, அதன் அடர்த்தி 1.38. ‘இந்தக் கரையில் பெட் இல்லை’ என்று முடிவு எழுதிவிட வேண்டாம். எண்ணிய பிறகு மணலை எடுத்த இடத்திலேயே கொட்டுங்கள்.

குருணை மாதிரியே இருந்து ஏமாற்றுகிறவை நான்கைந்து உண்டு. தெர்மோகோல் மணியை நகத்தால் அழுத்தினால் நசுங்கும், குருணை நசுங்காது. மீன் முட்டையும் நத்தை முட்டைக் கூடும் உடைந்து ஈரம் கசியும். விதை என்றால் ஊசியால் கீறும்போது தோல் உரியும். சங்குத் துண்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். சந்தேகம் தீராவிட்டால் சுடவைத்த ஊசி முனையை வைத்துப் பார்க்கலாம்; பிளாஸ்டிக் இளகி நூல் மாதிரி இழுபடும். இதை ஆசிரியர் மட்டும், வெளியில் வைத்து, வகைக்கு ஒன்று என்று செய்ய வேண்டும். புகையை முகரக் கூடாது.

கணக்கில் ஒரு பொறி. உதாரணத்துக்கு ஐந்து சட்டத்தில் 0, 3, 41, 2, 9 என்று வருகிறது. மொத்தம் 55, சராசரி 11, அதாவது சதுர மீட்டருக்கு 44. ஆனால் அந்த 41 ஒரே ஒரு சட்டத்தில் வந்தது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 3, சதுர மீட்டருக்கு 12. இரண்டையும் எழுதி, ஐந்து எண்களையும் அப்படியே கீழே கொடுங்கள். சராசரியை மட்டும் வைத்துக் குமரியின் சுமார் 70 கிலோமீட்டர் கரையோடு பெருக்கிக் கோடிக்கணக்கில் எண் எழுதும் ஆசையை அடக்க வேண்டும். போட்டிகளில் நடுவர்கள் முதலில் கைவைப்பது அந்த எண்ணில்தான்.

மாதாமாதம் எண்ணச் சொல்வதற்குக் காரணம் பருவம். ஆனி, ஆடியில் கடல் மணலை வாரிக்கொண்டு போகும். பிறகு மெல்லத் திரும்பக் கொண்டுவந்து போடும். அப்போது பழைய குருணை அடியில் புதையும். அக்டோபரில் மேற்பரப்பில் எண் குறைந்தால் கடல் சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை. ஒரே ஓர் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, 10 செ.மீ.க்கு ஒரு முறை மணல் எடுத்துப் பாருங்கள். பல நேரம் குருணை நடு அடுக்கில் ஒரு வரிசையாக அகப்படும். குழியை மூடாமல் வர வேண்டாம்.

நீரோட்டமும் திசை மாறும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடக்கு நோக்கி. கேரளக் கடலில் சிந்தியது குமரிக்கு வந்ததில் வியப்பில்லை. ஜூனில் மலையாள எழுத்துள்ள கவர் ஒதுங்கினால் ‘அவர்கள் குப்பை’ என்று எழுதுகிற பழக்கம் எல்லையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. டிசம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உள்ள பொழியூர்க்காரர் தமிழ்க் கவரைப் பொறுக்கிக்கொண்டு நிற்பார். அதோடு, எல்லையோரக் கொல்லங்கோடு கடைகளில் கேரளத்து மில்மா பால் கவரும் கிடைக்கிறது, நம் ஆவின் கவரும் கிடைக்கிறது. எழுத்தை வைத்து ஊர் சொல்ல முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் ஒரு பள்ளி, ஒரே நாளில் ஒரே முறையில் எண்ணினால் இதற்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

உயிரினம் பற்றியும் ஒரு பகுதி வேண்டும் என்பார்கள். மீன் வயிற்றை அறுத்துப் பார்க்கலாம் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். பள்ளியில் வேண்டாம். சாளை மீனின் குடலில் பார்த்ததாகச் சொல்லும் பிளாஸ்டிக் நூலிழைகள், பார்த்தவர் சட்டையிலிருந்து விழுந்தவையாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால், ஈரமான வெள்ளை வடிதாளைத் தட்டில் வைத்து மேசையில் ஒரு மணி நேரம் திறந்து விட்டு, லென்ஸில் பாருங்கள். அறைக் காற்றில் எவ்வளவு இழை பறக்கிறது என்று தெரியும். அதைவிட மணல் நண்டு வளைகளை எண்ணுவது எளிது. காலடி படுமுன், விடியற்காலையில், ஒரு மீட்டர் சதுரத்துக்குள் எத்தனை வளை, ஒவ்வொரு வாயும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கலாம். வாய் பெரிதானால் நண்டும் பெரிது. ஆட்கள் நடமாட்டமும் வண்டியும் உள்ள கரையில் வளை குறையும். ஆனால் மீன் கழிவு கொட்டும் இடத்தில் தீனி கிடைப்பதால் கூடவும் செய்யும். குப்பை கூடினால் நண்டு குறையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போனால் எண்கள் குழப்பும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் மீன் கழிவு இருந்ததா என்று ஒரு கட்டம் போடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தூரத்து இந்தியப் பெருங்கடல் புயல்களால் திடீரென அலை ஏறும் கள்ளக்கடல் இந்தக் கரையில் உண்டு. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பை முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் எண்ணிக்கையைத் தள்ளிப் போடுங்கள். ஊர் மீனவர் ஒருவர் உடன் நிற்கட்டும், ஒருவரும் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். கன்டெய்னர், பீப்பாய், ஊசி, மருந்துக் கழிவு எதையும் தொடக் கூடாது. எல்சா 3-இல் இருந்தவற்றில் கால்சியம் கார்பைடும் உண்டு. தண்ணீர் பட்டால் அது தீப்பற்றும் அசிட்டிலீன் வாயுவை விடும். செத்த ஆமை கிடந்தால் படம் எடுத்து, இடம் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆமை ஓட்டை எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘ஆகவே இந்த மீனைச் சாப்பிடக் கூடாது’ என்ற வரி வராமல் பாருங்கள். மணலில் குருணை எண்ணியவர்களிடம் மீனைப் பற்றிச் சொல்ல ஒரு தரவும் இல்லை. அந்த வரி ஊருக்குள் பரவினால் மறுநாள் காலையில் சருவத்தோடு சந்தைக்குப் போகும் பெண்களுக்குத்தான் அடி விழும்.

எடுத்த குருணையை எரிக்க வேண்டாம். நன்னீரில் அலசி, தாளில் உலர்த்தி, நூறு நூறாக எடை போட்டு, கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். இடம், தேதி, சட்ட எண், மேல் கோடா கீழ்க் கோடா என்பதைப் பென்சிலால் துண்டுத் தாளில் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு உப்புக் காற்றில் உரிந்துவிடும், மார்க்கர் மையும் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பதற்குள் மங்கிவிடும்.