உறுதியாகத் தெரியாததை எப்படிப் பதிவிடுவது?

'நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்' என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே தீர்ப்பு வழங்கிவிடும் பதிவுகள் நிறைய. அந்த முதல் வரி படிப்பவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. எது வரைக்கும் நமக்குத் தெரியும், எங்கிருந்து ஊகம் தொடங்குகிறது என்று காட்டினால்தான் அது அறிவுப் பணிவு.

அந்த எல்லை பல நேரம் நமக்கே தெரியாது. ரோசன்பிளிட், கீல் என்ற உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப் போன்ற பொருள்கள் இயங்கும் விதம் தங்களுக்கு எவ்வளவு புரியும் என்று பங்கேற்றவர்களை மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பின் தங்களுக்கே போட்டுக்கொண்ட மதிப்பெண் இறங்கியது. 'இதற்கு இதுதான் காரணம்' என்று பதிவிடத் தோன்றும்போது நீங்களும் இதைச் செய்யலாம். எதையும் தேடாமல், அந்தக் காரணம் எப்படி அந்த விளைவில் போய் முடிகிறது என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். கை தடுமாறும் இடத்தில்தான் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். ஆதரவான வாதங்களை அடுக்கிப் பார்ப்பது இதற்கு உதவாது; அவை யாருக்கும் எளிதில் கிடைத்துவிடும்.

அடுத்து, பார்த்ததையும் ஊகித்ததையும் பிரியுங்கள். 'புது அப்டேட் பேட்டரியைக் கெடுத்துவிட்டது' என்பதை இப்படி எழுதலாம்: 'அப்டேட் செய்ததிலிருந்து மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது. அப்டேட்தான் காரணம் என்று நினைக்கிறேன், 10-க்கு 6. பேட்டரி மூன்று ஆண்டுப் பழையது, அதுவும் காரணமாகலாம். புதுப் போன் வைத்திருப்பவர்களுக்கும் இப்படி ஆகிறதா?' நீளம் கூடுகிறதுதான். ஆனால் என்ன தகவல் வந்தால் உங்கள் கருத்து மாறும் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. சண்டைக்கு வருபவரைவிடத் தகவலோடு வருபவருக்கு அங்கே இடம் அதிகம்.

எவ்வளவு உறுதி என்பதைக் காட்ட '10-க்கு 6' போன்ற எண் எதற்கு என்று கேட்கலாம். யூகோஸ்லாவியா தாக்கப்படுமா என்று 1951-இல் அமெரிக்க உளவுத்துறை தயாரித்த மதிப்பீட்டில் 'கணிசமான வாய்ப்பு' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அதைத் தயாரித்த குழுவினரையே, அக்குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் விசாரித்தபோது, விடைகள் 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை சிதறின. எண் அந்தக் குழப்பத்தைக் குறைக்கும். ஆனால் '73 விழுக்காடு' என்று எழுதாதீர்கள், இல்லாத துல்லியம் அது. '10-க்கு 9' என்று சொன்னவற்றைக் குறித்துவைத்து, சில மாதம் கழித்து எண்ணுங்கள். பத்தில் ஆறுதான் பலித்திருந்தால், நீங்கள் சொல்லும் 9-ஐ 6 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாகத் தெரிந்ததற்கும் 'போலிருக்கிறது' போடுவது இதே பிழையின் மறுபக்கம்.

சந்தேகத்தைக் கடைசிப் பத்தியிலோ பின்னூட்டத்திலோ வைத்தால் அது தொலைந்துபோகும். நீண்ட பதிவு பாதியில் மடங்கிவிடும், ஸ்கிரீன்ஷாட்டில் பின்னூட்டம் வராது. கருத்து எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அதற்குள்ளேயே சந்தேகமும் இருக்கட்டும். படமாகப் போட்டால் படத்துக்குள்ளேயே.

தவறு தெரிந்தபின் சத்தமில்லாமல் அழித்துவிடுவது போதாது. வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், அதற்குள் ஃபார்வர்டு ஆன பிரதி மாறாது. ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வின்படி, 1,500 பேரை எட்ட உண்மைச் செய்திக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் ஆனது. ஆகவே திருத்தத்தை மூலப் பதிவின் உச்சியில், தேதியோடு போடுங்கள். சரியான தகவல் முதலில் வரட்டும், எது தவறு என்பது அடுத்து. பதிவு போன குழுக்களுக்கெல்லாம் திருத்தமும் போக வேண்டும்.

சில விஷயங்களுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. மருந்தின் அளவு, பேரிடர் நேரத்து எச்சரிக்கை, பெயர் குறிப்பிட்ட ஒருவர் மீதான குற்றச்சாட்டு ஆகியவற்றில் '10-க்கு 6' என்று போடுவது யாரையும் காப்பாற்றாது. ஒருவர் அந்த அளவில் மருந்தை விழுங்கிவிடுவார், இன்னொருவர் வேலையை இழப்பார். அங்கே மருத்துவரிடமோ உரிய அதிகாரியிடமோ நேரில் கேளுங்கள், விடை வரும்வரை பதிவிடாதீர்கள்.