நெஞ்சுவலி என்று வருபவரிடம் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறேன்

மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, வாயு, தலைபாரம், கை கால் ஓய்ச்சல், மேலெல்லாம் எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். அதற்குள் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வரை பல டாக்டர்களைப் பார்த்திருப்பார்கள், ஒரு மஞ்சப்பை நிறைய இசிஜியும் ஸ்கேனுமாக இருக்கும். எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்லை, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வலிப்பது நிஜம், படபடப்பதும் நிஜம், அப்படியிருக்க ஒன்றுமில்லை என்று சொன்னால் அந்த மனிதர் எங்கே போவார்? அடுத்த டாக்டரிடம் போவார், இல்லாவிட்டால் செய்வினை எடுக்கப் போவார். வீட்டில் உள்ளவர்கள் "நடிக்கா" என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது தூக்கம். எத்தனை மணிக்கு முழிப்பு வருது? விடிகாலை 3 மணி, 4 மணிக்கே முழிப்பு வந்து, அந்த நேரத்தில்தான் மனசு ரொம்பக் கனக்குது, சாயங்காலம் கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அடுத்தது வேலை. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்களிடம் பீடி எத்தனை சுத்துறீங்க என்று கேட்பேன். "முன்னாடி 800 சுத்துவேன், இப்போ 200 ஓடலை, வெட்டி வச்ச இலை அப்படியே கெடக்கு" என்பது போன்ற பதில் வந்தால், சோர்வு அந்த உடம்பை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் இல்லை. பிடித்த சாப்பாடு ருசிக்காதது, பேரப்பிள்ளை வந்தாலும் எழுந்து உட்காரத் தோன்றாதது, தன்னால் எல்லாருக்கும் பாரம் என்ற நினைப்பு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி காட்டும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

திடீரென்று நெஞ்சு அடித்து, வியர்த்து, மூச்சு முட்டி, "இப்போ செத்துருவேன்" என்று தோன்றுவது பேனிக் அட்டாக். முதல் தடவை வந்தால் கட்டாயம் இசிஜி எடுக்க வேண்டும், நெஞ்சுவலியை வீட்டிலேயே மனசு என்று முடிவு செய்யாதீர்கள். இதயத்தில் கோளாறில்லை என்று உறுதியான பிறகு தெரிந்துகொள்ள வேண்டியது, அது சுமார் 10 நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும் என்பது. பைய மூச்சை வெளியே விடுங்கள், இருந்த இடத்திலேயே இருங்கள். அதற்குப் பயந்து பஸ் ஏறுவதை நிறுத்தி, கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தி, கடைசியில் வாசலைத் தாண்டாமல் ஆகிவிடுகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம்.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பார்கள். 2015-16இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 10 பேருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நம் தெருவிலேயே எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, மாத்திரை. மனச்சோர்வுக்கும் பேனிக் அட்டாக்குக்கும் கொடுக்கிற எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் பதற்றமும்கூட வரலாம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள், தப்பு அவர்கள்மேல் இல்லை. நல்லாயிருச்சு என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். இவை பழக்கமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கி வருடக்கணக்காகப் போடுவதைப் பார்க்கிறேன். உண்மையில் அடிமைப்படுத்துவது அந்தத் தூக்க மாத்திரைதான். அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.

இன்னொன்றை நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறோம். தினமும் குடிக்கிறவர் சபரிமலைக்கோ திருச்செந்தூருக்கோ மாலை போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, உளறி, இல்லாத பூச்சியைத் துரத்துவார், சிலருக்கு வலிப்பும் வரும். வீட்டில் சாமி வந்திருக்கிறது என்றோ சாமிக் குத்தம் என்றோ நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். உயிர் போகக்கூடிய நிலை இது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னால், பாதுகாப்பாக நிறுத்த மருந்து இருக்கிறது.

இருபது வயதுப் பையன் காலேஜை விட்டு அறைக்குள்ளேயே அடைந்து, தனியே பேசிச் சிரித்து, சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளினால் அது மனச்சிதைவாக இருக்கலாம். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்று வாதாடாதீர்கள், யாரும் இல்லாதபோதும் அவனுக்குக் குரல் நிஜமாகவே கேட்கிறது. குலதெய்வத்துக்குக் கொடை கொடுங்கள், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் போங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள், மாதங்கள் ஓட ஓடத் திரும்பி வருவது கஷ்டம். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியாமல் 28 உயிர்கள் போயின. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

"செத்துப்போலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருந்தாரே என்று பலர் அழுதுவிடுவார்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், 14416க்கு அழையுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். முயன்று தப்பியவர் மீது கேஸ் வருமோ என்று ஒளிக்கவும் வேண்டாம், அவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை டாக்டர் வருகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வரும்போது பழைய சீட்டுகளையும், மீதி மாத்திரை அட்டைகளையும், அவரோடு ஒரே வீட்டில் தூங்குகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ராத்திரி நடப்பது அவருக்குத்தான் தெரியும்.