காகம் செத்துக் கிடந்தால் கோழி வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்?

பனிக்காலம் வந்தால் எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் வலசைப் பறவைகள் இறங்கும். பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே பழி அவற்றின் மேல்தான் விழுகிறது. காட்டு வாத்து, கடற்புறா, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகளிடம் அந்தக் கிருமி இயல்பாகவே இருப்பது உண்மை. பல பறவைகள் நோயே தெரியாமல் எச்சத்தில் அதை வெளியேற்றும். குளிர்ந்த தண்ணீரில் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும்.

ஆனால் பழவேற்காட்டுப் பூநாரை வியாசர்பாடி மொட்டைமாடிக்கு வராது. வருவது காகமும் புறாவும்தான். செத்த பறவையைக் கொத்திய காகம், அதே அலகோடு உங்கள் கோழிச் சட்டியில் தண்ணீர் குடிக்கும். கோழிகளுக்குள் நோய் வந்துவிட்டால், அப்புறம் அதை ஊர் ஊராகக் கொண்டு போவது பெரும்பாலும் மனிதர்களே. கழுவாத கூண்டு, முட்டை அட்டை, வண்டிச் சக்கரம், செருப்பு எல்லாவற்றிலும் அது போகும். அதனால் தண்ணீரையும் தீனியையும் கூரைக்குக் கீழே வையுங்கள். வலை அடித்தால் இன்னும் நல்லது.

இனி சட்டத்துக்கு வருவோம். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-இல் வந்தது. பறவைக் காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற கோழி நோய்) இரண்டுமே அதன் பட்டியலில் உள்ளன. சந்தேகம் வந்தாலே தெரிவிப்பதும், நோயுற்றதைத் தனியே பிரிப்பதும் வளர்ப்பவரின் கடமை. நாலு கோழி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, ஒரே நாளில் அடுத்தடுத்து சாவது என்றால் காத்திருக்க வேண்டாம். கழுத்து திருகி வெள்ளையாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நோய் சந்தேகம் உள்ள பறவையிடம் எடுக்கும் மாதிரி, போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போகும். கோழியில் பறவைக் காய்ச்சல் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். காகத்தில் மட்டும் தெரிந்தால் கோழிகளை அழிப்பதில்லை. கிருமிநாசினி தெளித்து, கண்காணிப்பைக் கூட்டுவார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இழப்பீட்டை. அரசு அழிக்கும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் பணம் உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. வீட்டுக்கோழிக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஏற்கெனவே செத்ததற்கும், பயந்துபோய் அவசரமாக விற்றதற்கும் கிடைக்காது. பத்துக் கோழியில் எட்டு செத்த பிறகு சொன்னால், மிச்சம் இரண்டுக்குத்தான் பணம். மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து. அழிக்கும் முன் எண்ணிக்கையை அதிகாரி உங்கள் கண்முன் எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயால் செத்ததைத் தெரிந்தே பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலை ஆற்றிலோ வீசுவது தனிக் குற்றம். முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதச் சிறை. அந்தத் தண்ணீரில்தான் கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. பறவையிடமிருந்து கோழிக்கு நோய் வருகிறது என்று கத்துகிறோம், கோழியிடமிருந்து பறவைக்குப் போவதை யாரும் பேசுவதில்லை. பயத்தில் கூட்டைக் கலைப்பதும் மரத்தை வெட்டுவதும் பயன் தராது. விரட்டப்பட்ட பறவை நோயோடு இன்னொரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

செத்த காகத்தையோ கோழியையோ வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் அண்ட விடாதீர்கள். பையில் போட்டு பஸ் ஏறி வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை அந்த இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.