28 தூண் வீடு

மாதத்துக்கு ஒருவராவது என் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்து கைப்பேசியை நீட்டிவிடுகிறார். "சார், வீட்டு முன்பக்க எலிவேஷன் இந்த மாதிரி வரணும்." படத்தில் இருபுறமும் கிளை பரப்பிய ஓக் மரங்கள், நடுவில் பாதை, கோடியில் வெள்ளைத் தூண் வரிசை. பெரும்பாலும் அது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றோரம் இருக்கும் ஓக் ஆலி மாளிகையாகத்தான் இருக்கும்.

ஜாக் ரோமன் என்ற கரும்புப் பண்ணை முதலாளிக்காக 1837 முதல் 1839 வரை கட்டிய வீடு அது. மரங்கள் வீட்டைவிட மூத்தவை. கிரேக்கக் கோயில் சாயலில் நான்கு பக்கமும் சுற்றி நிற்கும் தூண்கள் மொத்தம் 28. பார்ப்பவர்கள் கல் என்று நினைப்பார்கள்; செங்கல் அடுக்கிப் பூசியவை. தூணுக்கும் சுவருக்கும் நடுவே, கீழும் மாடியிலுமாக அகலமான தாழ்வாரம் ஓடுகிறது. அதனால் வெயிலும் சாரலும் சுவர்வரை எளிதில் வருவதில்லை. சுவரோ 16 அங்குலக் கனம். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர், நடுவில் கூடம். இரண்டையும் திறந்துவைத்தால் காற்று தானாக ஓடும். நாம் இரண்டடி போர்டிகோவில் நாலு தூணை ஒட்டவைத்தால் காசு தூணுக்குப் போகும், வெயில் ஹாலுக்குள் வரும்.

சரி, கட்டியது யார்? ரோமனின் உடைமையாக இருந்த கறுப்பின அடிமைகள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். அவர்களில் அந்துவான் என்பவர் பீக்கன் என்ற கொட்டைப்பருப்பு மரத்தில் ஒட்டுக்கட்டுவதில் கைதேர்ந்தவர். 1848-ல் ரோமன் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியலில் அவரும் ஒரு வரி: வயது 38, மதிப்பு 1,000 டாலர். அவர் ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரகம் 1876-ல் பிலடெல்ஃபியா கண்காட்சியில் பரிசு வாங்கியது.

மாளிகை அப்படியே நிற்கிறது. அடிமைகள் குடியிருந்த குடிசைகள் அழிந்துபோயின; இன்று அங்கே காட்டுபவை பின்னாளில் திரும்பக் கட்டியவை. எதைப் பாதுகாத்தோம், எதை விட்டுவிட்டோம் என்பதைப் பழைய கட்டடங்களில் வேலை செய்யும் எவரும் முதலில் கவனிப்போம். அதனால் தூண் படத்தோடு வருபவர்களுக்கு அந்தக் குடிசைப் படத்தையும் இப்போதெல்லாம் காட்டுகிறேன்.

சமீபத்தில் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெல்ல, "ரெண்டு தூணாவது வைக்கலாமா சார்?" என்றார். வைத்தேன், தாழ்வாரத்தை எட்டடிக்கு இழுத்துவிட்டு.