சாட்ஸ்வொர்த் லாயம்: 80 குதிரை, 700 லிட்டர் மூத்திரம்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போகிறவர்கள், வடகிழக்கு மேட்டில் நிற்கும் கட்டடமும் ஓர் அரண்மனைதான் என்று நினைப்பதுண்டு. அது குதிரை லாயம். நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் வடிவமைத்தது. ஏறக்குறைய 1758க்கும் 1767க்கும் இடையில் கட்டி முடித்தார்கள். பக்கத்துக்கு 190 அடி, நடுவில் முற்றம், வாசலுக்கு மேலே மணிக்கூண்டு. கீழ்த்தளத்தில் 80 குதிரைகளுக்கு இடமும் லாடம் அடிக்கும் பட்டறையும்; மேல்தளத்தில் தானியக் கிடங்கும் குதிரைக்காரர்கள் தங்கும் அறைகளும்.

முகப்பு விருந்தாளிகளுக்கு. உள்ளே வைத்த அளவுகள் குதிரையின் உடம்பிலிருந்து வந்தவை. 500 கிலோ குதிரை ஒன்று நாளுக்குச் சுமார் 9 லிட்டர் மூத்திரம் பெய்யும், 14 கிலோ லத்தி போடும். 80 குதிரைக்குக் கணக்குப் போட்டால் 700 லிட்டருக்கு மேல். லத்தி ஒரு டன்னைத் தாண்டும். லத்தியை வாரிக் கொட்டிவிடலாம். மூத்திரம் அப்படியில்லை. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்கும். அது கண்ணை எரிக்கும், மூச்சுக்குழாயை அரிக்கும். அந்தக் கால லாயத்தை நன்றாகக் கட்டினார்களா என்று பார்க்க, தூணை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும்.

குதிரைகளைச் சுவரைப் பார்க்க வைத்து வரிசையாகக் கட்டுவது வழக்கம். ஒன்றுக்கு 6 அடி அகலம், 9 அடி நீளமுள்ள தடுப்பு. தரை பின்பக்கக் கால்வாயை நோக்கி வாட்டமாக இருக்கும். அந்த நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறங்கினால் போதும். சீக்கிரம் வடியட்டும் என்று வாட்டத்தைக் கூட்டினால், நாள் முழுக்க முன்கால் மேட்டிலும் பின்கால் பள்ளத்திலுமாக நிற்கும் குதிரைக்குத் தசைநாண்கள் இழுபடும். அது கயிறு எட்டும் மட்டும் பின்வாங்கி, கால்வாயின் மேலேயே போய் நிற்கப் பார்க்கும். தரைக்கு முதலில் உருளைக்கல் பாவினார்கள். இடுக்கெல்லாம் மூத்திரம் தேங்கியது. 19ஆம் நூற்றாண்டில், வரிப்பள்ளம் வெட்டிய ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலச் செங்கல் பரவலானது. இந்தச் செங்கல் நீரைக் குடிக்காது, லாடமும் வழுக்காது.

தடுப்புப் பலகை தலைப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, வால்பக்கம் வளைந்து இறங்கும். அழகுக்காக வைத்த வளைவு போலத் தெரியும். பக்கத்துக் குதிரை தீனி தின்னும்போது கடிக்காமலிருக்கத்தான் அந்த உயரம். கட்டுக்கயிறு தீனித் தொட்டியின் வளையத்துக்குள் புகுந்து, கீழே தொங்கும் மர உருண்டையில் முடியும். குதிரை முன்னே வந்தால் உருண்டை இறங்கித் தொய்வை இழுத்துக்கொள்ளும். உருண்டை இல்லாவிட்டால் தொய்ந்த கயிற்றுக்குள் முன்னங்கால் போய்விடும். பதறி விழுந்தால் கால் போச்சு.

பல லாயங்களில் பெரிய பிழை தலைக்கு மேல் இருந்தது. பரணில் உலர்புல்லைக் குவித்து, துவாரம் வழியாக நேரே கீழே தள்ளுவார்கள். புல் இறங்கும் துவாரத்திலேயே ஈரக்காற்றும் அம்மோனியாவும் மேலே ஏறும். புல் நாறும், பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்னும் குதிரை இருமும். இதற்கிடையில், கதகதப்பாக வைத்தால்தான் ரோமம் மினுங்கும் என்று சன்னல்களையும் இறுகச் சாத்திவைத்தார்கள்.

இதற்கு எதிராக நின்றவர், 1796இல் பிரிட்டிஷ் குதிரைப்படையின் தலைமைக் கால்நடை மருத்துவரான எட்வர்ட் கோல்மன். குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பி, படை லாயங்களில் காற்றுவழி திறக்க வைத்தார். காரணம் தவறு: அது தொற்றுநோய், அதன் பாக்டீரியாவை 1882இல் கண்டார்கள். ஆனாலும் காற்றோட்டம் குதிரைகளுக்கு நல்லதாகவே முடிந்தது. காற்று தாழ்வாக நுழைந்து, முகட்டுக் கூண்டு வழியே வெளியேற வேண்டும். நுழையும் காற்று நேரே குதிரையின் மேல் அடிக்கக் கூடாது. சன்னலை உயரத்தில் வைப்பதும் இதற்காகத்தான். கண் கூசாது என்பது கூடுதல் லாபம்.

வண்டிக் கொட்டகையைத் தனியாக வைப்பதற்கும் அம்மோனியாதான் காரணம், வார்னிஷ் மங்கிவிடும். வாசல் வடக்குப் பார்த்திருந்தால் வெயிலில் அது கொப்புளிப்பதும் இல்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து கடைசிக் குதிரைகள் 1939இல் போயின. இப்போது அங்கே உணவகம் நடக்கிறது. இப்படி மாறும் பழைய லாயங்களில் கொத்தனார்களைப் படுத்துவது சுவரில் ஏறிய உப்பு. அம்மோனியாவை மண்ணிலும் சுவரிலும் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கும். வெடியுப்பின் உறவுக்காரன் அது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கூரை ஒழுகாமலே, தரை ஓதம் ஏறாமலே, சுவரின் அடிப்பகுதி நனைந்து பொரியும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, கல்லின் முகமே உதிரும். சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். உப்பு அதில் ஏறிப் பூக்கும். காரை பொரிந்ததும் சுரண்டி எடுத்துக் கட்டடத்துக்கு வெளியே கொட்டிவிட்டு, மறுபடி பூச வேண்டும். பழைய லாயம் என்றால் ஒரு பூச்சில் தீராது.