தென்னை வேரில் கட்டும் மருந்து உச்சிக்குப் போவது எப்படி?

அறுபதடித் தென்னைக்கு மருந்து அடிப்பது லேசான வேலை இல்லை. மரமேற ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பெரிய விசைத்தெளிப்பான் வேண்டும். அப்படியே அடித்தாலும் பாதி காற்றோடு போய்விடும். அதற்கு மாற்றாகத் தோப்புகளில் செய்வதுதான் வேரில் மருந்து கட்டுவது.

மரத்தடியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள ஒரு பழுப்பு வேரைத் தேடவேண்டும். வெள்ளையாக இருப்பது ரொம்ப இளசு, கறுத்துப்போனது உறிஞ்சாது. கூரான கத்தியால் நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துக் கரைசல் உள்ள பாலித்தீன் பைக்குள் நுழைத்து, வெட்டுமுனை அடியைத் தொடும்படி வைத்து வாயைக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் 100 மில்லி கரைசல். 24 மணி நேரத்தில் பை காலியாகவில்லை என்றால் அந்த வேர் சரியில்லை, வேறு வேர் பார்க்கவேண்டும்.

இங்கே பம்பு எதுவும் இல்லை. இழுப்பது ஓலைதான். வெயிலில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, சைலம் எனப்படும் நீர் ஏறும் நுண்குழாய்களில் வேர்வரை அறுபடாமல் நிற்கும் நீர்த்தொடர் மேலே இழுபடுகிறது. வெட்டிய வேரும் அந்தத் தொடரின் ஒரு முனைதான். மண்நீருக்குப் பதில் மருந்தைக் குடிக்கிறது. வேரைச் சீவிவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்து தொடர் அறுந்துவிடும், அதனால் சீவியதும் பையில் விடவேண்டும். மழை மூட்டமான நாளில் பை மெதுவாகத்தான் வற்றும்.

தண்டிலேயே துளை போட்டால் என்ன? மாமரம் என்றால் பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் புதுத் திசுவை வளர்த்துக் காயத்தை மூடிவிடும். தென்னை, புல்லுக்கு உறவான ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் கிடையாது. போட்ட துளை மரம் சாகும்வரை துளையாகவே இருக்கும். வேர் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் இருக்கிறது, புதிது புதிதாக முளைக்கிறது, ஒன்று போனால் மரத்துக்கு நஷ்டமில்லை.

ஆனால் தாமதித்தால் இந்த வித்தை பலிக்காது. 1952-இல் தஞ்சைப் பகுதியில் கவனத்துக்கு வந்த தஞ்சாவூர் வாடல் நோயில், கானோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும். தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். நோய் முற்றிவிட்டால் மருந்தை ஏற்றிச்செல்லும் பாதையே அழுகிப்போயிருக்கும், பிறகு எதைக் கட்டி என்ன? இன்னொன்று: மருந்து காய்க்கும் போகும். முற்றிய காய்களை முதலில் பறித்துவிட்டு மருந்து கட்டி, அப்புறம் 45 நாள் காய் பறிக்காமல் இருக்கச் சொல்வது அதனால்தான்.

இதே மாதிரி பம்பில்லாத இழுப்பில் நடப்பதுதான் பானைப் பாசனமும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்த முறை. மெருகு பூசாத மண்பானையைக் கன்றின் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், காய்ந்த மண் பானையின் நுண்துளைகள் வழியாக நீரை இழுக்கும். மண் ஈரமானதும் இழுப்பு தானாகக் குறையும். பெயின்ட் அடித்த பானை உதவாது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் துளைகள் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். கன்றுக்கு இது போதும். காய்க்கும் தென்னைக்குப் பானை எந்த மூலைக்கு?